நெருப்புக்கும் ஒரு துண்டு வேண்டும்: திட்டமிட்ட எரிப்பு என்றால் என்ன?

வைகாசி பிறந்தால் எங்கள் பக்கத்தில் எங்காவது இளம்பனை நிற்கும் ஒரு வடலிக்காணி எரியும். தூரத்தில் புகை எழும்பும். "ஆரோ புல்லுக்கு வைச்சிட்டினம்" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்போம். அப்படி எரிந்துபோன ஒரு காணியின் கரையில், யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில், பக்கத்துக் காணிக்கார ஐயாவோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் சொன்னார்: "அவுஸ்திரேலியாவில அரசாங்கமே காட்டுக்கு நெருப்பு வைக்குதாம், தம்பி. மகன் வீடியோ அனுப்பினவன். நாங்கள் காணி துப்புரவாக்க வைச்சா மட்டும் பிழையோ?"

அவர் பார்த்த வீடியோ பொய்யில்லை. அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டுமென்றே காட்டுக்குத் தீ வைக்கிறார்கள். அதற்குப் படிப்பு உண்டு, சட்டம் உண்டு. ஆனால் அந்த வீடியோவில் தெரிவது கடைசி 10 நிமிடம் மட்டும். அதற்கு முன் நடந்த பல மாத வேலை தெரியாது. இதற்கு நேரெதிராக, "காட்டுக்கு நெருப்பு வைப்பதை விஞ்ஞானம் என்று சொல்வதே ஏமாற்று" என்பாரும் எங்களுக்குள் இருக்கிறார்கள். இரண்டு பேச்சும் ஒரே இடத்தில்தான் பிழைக்கின்றன: வைக்கும் நெருப்பெல்லாம் ஒரே நெருப்பு என்று இரண்டும் நினைக்கின்றன.

மருந்துத் துண்டு

வைத்தியர் எழுதித்தரும் துண்டை நினைத்துப் பாருங்கள். என்ன மருந்து, எவ்வளவு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எத்தனை நாள், எது நடந்தால் உடனே நிறுத்த வேண்டும் எல்லாம் அதில் இருக்கும். துண்டு நோயாளிக்குத்தான் எழுதப்படுகிறது. பக்கத்து வீட்டுக்காரரின் துண்டைக் காட்டி மருந்து வாங்கிக் குடித்தால் அதே மருந்தே நஞ்சாகலாம்.

ஆங்கிலத்தில் இந்த எரிப்புக்கு வழங்கும் பெயரிலேயே, வைத்தியர் மருந்து எழுதிக்கொடுப்பதைக் குறிக்கும் சொல்தான் இருக்கிறது. தமிழில் அதைத் திட்டமிட்ட எரிப்பு என்போம். எல்லை குறித்த ஒரு நிலத்தில், எழுதிவைத்த ஒரு நோக்கத்துக்காக, முன்கூட்டியே வரையறுத்த காற்றிலும் ஈரத்திலும் மட்டும், பழகிய ஆட்கள் நெருப்பு வைத்து, அதை முற்றாக அணைத்துவிட்டுப் போவது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் நெருப்பு வைத்தல்தான்.

அந்தத் துண்டில் எரிக்கும் நாளின் வெப்பநிலை, காற்றின் வேகம், திசை, புல்லின் ஈரம் எல்லாவற்றுக்கும் மேல் எல்லையும் கீழ் எல்லையும் இருக்கும். புகை எந்த ஊர்ப்பக்கம் போகும், அங்கே வைத்தியசாலையோ பெருந்தெருவோ உண்டா என்பதும் இருக்கும். அன்று காலையில் அளந்த கணக்கில் ஒன்று எல்லைக்கு வெளியே நின்றாலும் எரிப்பு இல்லை. எல்லா ஆட்களும் வந்துவிட்டார்கள், தண்ணீர்த் தாங்கி வந்துவிட்டது என்பதெல்லாம் காரணமாகாது. திரும்பிப் போகத் தெரிவதுதான் இந்த வேலையில் முதல் பாடம் என்று நான் நினைக்கிறேன்.

அடுப்படிப் பாடம்

நெருப்புக்கு மூன்று வேண்டும்: எரிபொருள், வெப்பம், ஒட்சிசன். விறகடுப்பு எரித்த வீட்டில் வளர்ந்தவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சோறு கொதித்துப் பொங்கினால் அம்மம்மா என்ன செய்வார்? விறகை வெளியே இழுப்பார். எரிபொருளைக் குறைக்கிறார். நெருப்புத் தூங்கினால் ஊதாங்குழலால் ஊதுவார். ஒட்சிசனைக் கூட்டுகிறார்.

வெளிக்காணியில் ஊதாங்குழல் எங்கள் கையில் இல்லை. அது தென்மேற்கில் இருந்து வீசும் சோளகத்தின் கையில். ஆகவே மனிதரால் ஆளக்கூடியவை இரண்டே: தரையில் எவ்வளவு எரிபொருள் கிடக்கிறது என்பதும், எந்த நேரத்தில் பற்றவைப்பது என்பதும்.

எரிபொருள் எல்லாம் ஒன்றல்ல. அடுப்பு மூட்டும்போது முதலில் பன்னாடையும் காவோலையும், பிறகு கங்குமட்டை, அதற்குப் பிறகுதான் குத்தி. ஏன் இந்த ஒழுங்கு? மெல்லியது சட்டென்று காயும், சட்டென்று பற்றும். தீயைப் படிப்போர் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 6 மில்லிமீற்றரை விட மெல்லிய புல், சருகு, ஓலை போன்றவை ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்திலேயே சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்குத் தங்களைப் பெரும்பாலும் மாற்றிக்கொள்ளும். கையளவு தடித்த மரக்குத்திக்கு அதே மாற்றம் நிகழ 1000 மணித்தியாலம், அதாவது 40 நாளுக்கு மேல் ஆகும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். மார்கழியில் பொரித்த அப்பளத்தைத் திறந்து வைத்தால் சற்று நேரத்தில் நமத்துப்போகும். சோளகக் காலத்து மத்தியானத்தில் வைத்தால் நொறுங்கும். காற்றில் உள்ள ஈரத்தை அப்பளம் வாங்குகிறது, அல்லது கொடுக்கிறது. காய்ந்த புல்லும் அப்படியே. காற்று அந்த வெப்பநிலையில் அதிகம் எவ்வளவு நீராவியைத் தாங்குமோ, அதில் எத்தனை சதவீதம் இப்போது இருக்கிறது என்பதைச் சாரீரப்பதன் என்கிறோம். அமெரிக்காவின் தென்பகுதிப் பைன் காடுகளில் எரிப்போர் பொதுவாக 30 முதல் 55 சதவீதச் சாரீரப்பதனை விரும்புவார்கள். அதற்குக் கீழே போனால் தீ ஓடும். மேலே போனால் புகைந்துகொண்டே கிடக்கும்.

காலையில் "புல் ஈரமாய்த்தான் கிடக்கு" என்று வைத்த நெருப்பு மத்தியானம் கைமீறுவதன் காரணமும் இதுதான். காலைப் பனியில் நமத்துக்கிடந்த அதே புல் பகல் 2 மணிக்கு நொறுங்கும் அப்பளம்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: தீயின் வேகம் மெல்லிய எரிபொருளின் ஈரத்தில் தங்கியிருக்கிறது, அந்த ஈரம் மணிக்கு மணி மாறும். ஆகவே துண்டில் நாள் மட்டும் போதாது, நேரமும் வேண்டும்.

பண்ணைப் பாலத்தில் சைக்கிள்

ஆனி, ஆடியில் யாழ்ப்பாணத்தில் இருந்து வேலணைக்குப் பண்ணைப் பாலத்தால் சைக்கிள் ஓடியவருக்குத் தெரியும். போகும்போது சோளகம் நெஞ்சில் அடிக்கும். உழக்கி உழக்கி மூச்சு வாங்கும். திரும்பும்போது உழக்கவே தேவையில்லை. அதே பாதை, அதே சைக்கிள், அதே ஆள். வேறுபாடு திசையில் மட்டும்.

தீயும் அப்படித்தான். காற்றோடு ஓடும் தீயின் சுவாலை முன்னோக்கிச் சாயும். அந்தச் சாய்ந்த சுவாலை முன்னாலிருக்கும் புல்லை முதலே காயவைத்துச் சூடாக்கும். ஆகவே தீ பாய்ந்து போகும். காற்றை எதிர்த்துப் போகும் தீயின் சுவாலை, எரிந்து முடிந்த கரிப்பக்கம் சாயும். முன்னாலிருக்கும் புல்லுக்கு அவ்வளவு சூடு போகாது. ஆகவே அது ஊர்ந்துதான் போகும், சுவாலை தாழ்ந்திருக்கும், ஆள் பக்கத்தில் நிற்கலாம்.

பழகியவர்கள் தொடங்கும் இடம் இதனால் தீர்மானமாகிறது. காற்று வீசிப் போய்ச் சேரும் பக்கத்தில், எல்லையை ஒட்டி முதலில் வைப்பார்கள். அங்கே முன்கூட்டியே மண் தெரியும்வரை செருக்கி ஒரு வெறும் பாதை போட்டிருப்பார்கள். அதைத் தீத்தடுப்புக் கோடு என்போம். தீ காற்றை எதிர்த்துப் பின்னோக்கி ஊர்ந்து ஒரு அகலமான கரிப்பட்டையை உண்டாக்கும். அந்தப் பட்டை போதிய அகலமானதும்தான் மற்றப் பக்கங்களில் வைப்பார்கள். காற்றோடு ஓடிவரும் தீ அந்தக் கரியில் முட்டி, தின்ன எதுவும் இல்லாமல் அவியும்.

எங்கள் ஊரில் பார்ப்பது எப்படி? காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு நெருப்புக்குச்சி. தடுப்புக் கோடு கிடையாது. "தெருவடியில போய் அவிஞ்சிடும்" என்ற நம்பிக்கை ஒன்றுதான். தெருவோ வரம்போ ஊரும் தீயை மறிக்கும். எரிந்துகொண்டே பறக்கும் பன்னாடைத் துண்டை அவை மறிக்காது. "ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்" என்ற ஊரில் காவோலை எம்மாத்திரம்?

அவர்கள் ஏன் எரிக்கிறார்கள்?

அமெரிக்காவின் தென்கிழக்கில் நீள்ஊசிப் பைன் என்றொரு மரம் உண்டு. அதன் கன்று முதற் சில வருடங்கள் உயராமல் ஒரு புல்முடிபோலத் தரையிலேயே இருக்கும். நெருப்பு வந்தால் வெளி ஊசியிலைகள் கருகும்; உள்ளே இருக்கும் குருத்துத் தப்பும். விதை முளைக்க வெறும் மண் வேண்டும். சருகு மூடிக்கிடந்தால் முளைக்காது. மின்னலும் அந்த மண்ணின் ஆதிக்குடிகளும் மூட்டிய தீயோடு பல ஆயிரம் ஆண்டுகள் சேர்ந்து வளர்ந்த காடு அது. சில ஆண்டுக்கொருமுறை மெல்லிய தீ போகாவிட்டால் அந்தக் காடு அந்தக் காடாக இராது.

இடையில் ஒரு பெரிய தவறு நடந்தது. எந்தத் தீயும் கூடாது என்று அமெரிக்க வனச்சேவை முடிவெடுத்தது. அறிவிக்கப்படும் ஒவ்வொரு தீயும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கப்பட வேண்டும் என்று 1935 இல் கொள்கையே வகுத்தார்கள். பல பத்தாண்டுகள் சருகும் சுள்ளியும் சேர்ந்தன. பிறகு வந்த தீ தரையில் நிற்காமல் முடிக்கு ஏறியது. இன்று புளோரிடா மாநிலத்தில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 இலட்சம் ஏக்கர் திட்டமிட்டு எரிக்கப்படுகிறது. அங்கே 1990 இல் இதற்கெனச் சட்டம் வந்தது. தனியார் காணிக்காரரும் படித்துச் சான்றிதழ் பெறலாம்.

எங்கள் காடு அந்தக் காடு அல்ல

இங்கேதான் பக்கத்து வீட்டுக்காரரின் துண்டு பற்றிய கதை வருகிறது.

வன்னியின் பாலை, வீரை, முதிரை, கருங்காலி நிற்கும் உலர்வலயக் காடு தீயோடு வளர்ந்த காடல்ல. மின்னலால் பற்றும் தீ இங்கே மிக அரிது. இலங்கையில் காட்டுத்தீ பெரும்பாலும் மனிதர் வைத்ததே. மரமுடிகள் சேர்ந்த கூரையான விதானம் மூடி நிழல் விழுந்திருக்கும்போது அந்தக் காட்டின் தரையில் புல் அதிகம் வளராது. ஒருமுறை எரிந்தால் விதானம் திறக்கும், வெயில் விழும், கினிப்புல் நுழையும். மாரியில் வளர்ந்த புல் அடுத்த கோடையில் காய்ந்து இன்னொரு தீக்கு விறகாகும். புல் தீயைக் கொண்டுவரும். தீ இன்னும் புல்லைக் கொண்டுவரும். இந்தச் சுற்றுக்குள் விழுந்த காடு திரும்ப எழும்புவது கடினம். ஒதுக்கக் காட்டுக்குள் தீ வைப்பது வனச் சட்டத்தின்படி குற்றம் என்பதும் நினைவிருக்கட்டும்.

பனை இன்னொரு கதை. "பனைக்கு நெருப்பு ஒண்டும் செய்யாது" என்பது அரை உண்மை. மாமரமோ வேம்போ என்றால் பட்டைக்குச் சற்று உள்ளே மாறிழையம் என்ற உயிருள்ள மெல்லிய படை சுற்றிவர இருக்கும். மரம் பருப்பதே அதனால்தான். அது வெந்தால் மரம் படும். பனைக்கு அப்படியொரு வளையம் இல்லை. நீர் கடத்தும் நார்கள் தண்டு முழுவதும் சிதறிக்கிடக்கின்றன. ஆகவே வெளிப்பக்கம் கருகினாலும் பனை நிற்கும். கொட்டையில் இருந்து வரும் முளையும் மண்ணுக்குள் இறங்கித்தான் கிழங்கு வைக்கிறது. மேலே எரிந்தாலும் கீழே குருத்துக்குப் பாதுகாப்பு. ஆனால் வளர்ந்த பனைக்கு உயிர் ஒரே ஒரு குருத்தில். அது வெந்தால் பக்கக் கிளை விட்டுப் பிழைக்க வழியில்லை.

தரையில் எரியும் புல்லுத்தீ அந்த உயரத்துக்கு எப்படிப் போகும்? காவோலை வழியாக. வெட்டாமல் விட்ட பனையில் காய்ந்த ஓலை அடுக்கடுக்காகத் தொங்கும். தரையில் இருந்து முடிவரை தீ ஏறப் படிபோல அமையும் இப்படியான பொருளை ஏணி எரிபொருள் என்பார்கள். வடலியில் அந்த ஏணி நிலத்தையே தொட்டுக்கொண்டு நிற்கிறது.

என் மனதை நெடுநாளாக அரிக்கும் விடயம் இதுதான். எங்கள் பாட்டன் பூட்டன் காலத்தில் பனங்காணியில் எரிய என்ன கிடந்தது? ஓலை வேலிக்கும் கூரைக்கும் போனது, மாட்டுக்குப் போனது, தோட்டத்துக்குப் பசளையாகத் தாட்டார்கள். கங்குமட்டையும் பன்னாடையும் ஊமலும் அடுப்புக்கு. தரையைக் கூட்டி அள்ளியது போலிருக்கும். இன்று வேலிக்கு மதில், கூரைக்கு ஓடும் சீற்றும், அடுப்புக்குக் காஸ். காணிக்காரர் ரொறன்ரோவில். அமெரிக்கர் தீயை அடக்கிச் சேர்த்த எரிபொருளை நாங்கள் ஓலையைக் கைவிட்டுச் சேர்த்திருக்கிறோம். நோய் ஒன்றுபோலத் தெரிந்தாலும் காரணம் வேறு. ஆகவே எங்கள் துண்டில் முதலில் எழுதவேண்டிய மருந்து நெருப்பு அல்ல, கத்தி.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. போர் நடந்த மண் இது. முகமாலைப் பக்கம் போல, மிதிவெடியும் வெடிக்காத குண்டும் புதைந்த காணிகளில் நெருப்பு எப்போது எதை வெடிக்கவைக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. மிதிவெடி அகற்றிய சான்று இல்லாத காணியில், பற்றை துப்புரவாக்க என்று ஒரு குச்சிகூட உரசக்கூடாது.

சுருக்கமாக, தீயை நம்பி வாழும் காடும் உண்டு, தீயால் அழியும் காடும் உண்டு. வன்னிக்காடு இரண்டாவது வகை. பனங்காணி தீயைத் தாங்கும், ஆனால் கேட்பதில்லை.

காலநிலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் கூடினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். பெரிய துவாய் அதிகத் தண்ணீரை உறிஞ்சுவதுபோல, சூடான காற்று மண்ணில் இருந்தும் இலையில் இருந்தும் அதிக ஈரத்தை எடுக்கும். பிழியும்போதும் அதிகம் கொட்டும். யாழ்ப்பாணத்துக்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையில் வந்துவிடுகிறது. அந்த மழை கொட்டித் தீர்த்தால் புல் அடர்ந்து வளரும். பின்வரும் கோடை நீண்டால் அந்தப் புல் முழுவதும் எரிபொருள். வெள்ளமும் தீயும் எதிரிகள் என்று நினைக்கிறோம். இங்கே ஒன்று மற்றதற்கு விறகு சேர்க்கிறது.

திட்டமிட்டு எரிப்போருக்கும் இதே தொல்லை. துண்டில் எழுதிய எல்லைக்குள் அமையும் நாட்கள் சில இடங்களில் குறைந்து வருகின்றன. 2022 சித்திரை மாதத்தில் அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவில் வனச்சேவை தானே வைத்த திட்டமிட்ட தீ கைமீறியது. இன்னொரு தீயோடு சேர்ந்து 341,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. காடு தாங்கள் கணித்ததைவிட எவ்வளவு காய்ந்திருந்தது என்பதைச் சரியாக மட்டிடவில்லை என்று அவர்களின் மீளாய்வே ஒத்துக்கொண்டது. நாடு முழுவதும் 90 நாள் எரிப்பை நிறுத்தினார்கள். வைத்தவர்கள் படித்தவர்கள், துண்டும் இருந்தது. மாறிய காலநிலைக்குத் துண்டு பழசாகிவிட்டது.

எரித்தால் காபனீரொட்சைட்டு போகுமே என்பது நியாயமான கேள்வி. போகும். புல்லில் இருந்து போனதை அடுத்த மாரிப் புல் பெரும்பாலும் திரும்ப எடுத்துவிடும். வீரை மரத்தில் இருந்து போனதை எடுக்க இன்னொரு வீரை வளரவேண்டும். அதற்கு ஒரு மனித ஆயுள் போதாது. வட அவுஸ்திரேலியாவின் மேற்கு ஆர்னம் நிலத்தில் ஆதிக்குடிக் காவலர்கள் 2006 முதல் கோடையின் தொடக்கத்திலேயே, புல் முற்றக் காயமுன், சிறு சிறு திட்டாக எரிக்கிறார்கள். கோடை முடிவில் வரும் பெருந்தீ அதனால் குறைகிறது. மெதேன், நைதரசு ஒட்சைட்டு வாயுக்களும் குறைகின்றன. அந்தக் குறைவை அளந்து, டார்வினின் இயற்கை வாயு ஆலையோடு செய்த உடன்படிக்கையால் அவர்களுக்குப் பணமும் வந்தது. புல்வெளிக்கு எழுதிய துண்டு அது. வன்னிக்குக் கொண்டுவந்தால் நஞ்சு.

"சாம்பல் பசளைதானே" என்பதற்கும் ஒரு வார்த்தை. சாம்பலில் பொட்டாசியமும் கல்சியமும் உண்டு. பயிர் அதிகம் கேட்கும் நைதரசன் பெரும்பாலும் புகையோடு போய்விடும். ஏற்கெனவே சுண்ணக்கல் மேல் கிடக்கும் எங்கள் மண்ணில் சாம்பல் காரத்தன்மையைத்தான் கூட்டும். அதே ஓலையைத் தாட்டால் பெரும்பாலானவை மண்ணிலேயே தங்கும்.

காணிக்காரர் செய்யக்கூடியது

பங்குனிக்குள் எல்லையைச் சுற்றி மண் தெரியச் செருக்கி ஒரு பாதை போடுங்கள். அது தீத்தடுப்புக் கோடு, நடக்கவும் உதவும். வேலிக்கரை வடலியின் தொங்கோலையை முதலில் வெட்டுங்கள். வெளிநாட்டில் இருப்பவர், காணியைப் பார்ப்பவருக்கு ஓலை வெட்டுக்கூலியை வருடச் செலவில் சேர்த்து அனுப்புங்கள். எரியும் காணியைக் கண்டால் கிராம அலுவலருக்குச் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஐயும் அழைக்கலாம். தீ அவிந்ததாகத் தெரிந்தாலும் ஊமல் குவியலையும் பட்ட அடிக்குத்தியையும் மறுநாள் புறங்கையை மேலே பிடித்துப் பாருங்கள். கணகணப்புத் தெரிந்தால் உள்ளே இன்னும் தணல் இருக்கிறது. கிளறித் தண்ணீர் ஊற்றி, திரும்பவும் கிளற வேண்டும்.

இதையெல்லாம் ஐயாவிடம் சொல்லி முடித்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "சரி தம்பி, ஓலை வெட்ட ஏற ஆள் எங்க?" சரியான கேள்வி. பனை ஏறுவோர் குறைந்துவிட்டார்கள். ஆனால் ஏணியை ஏற முடியாததாக்க அதன் கீழ்ப்படிகளை எடுத்தாலே பாதிவேலை முடிந்தது. அதற்கு ஏறத் தேவையில்லை. அந்தச் சனிக்கிழமை அவரின் கொக்கைச்சத்தகத்தை நீளத் தடியில் கட்டிக்கொண்டு வேலிக்கரையில் இருந்து தொடங்கினோம். பின்னேரத்துக்குள் 11 வடலி முடிந்தது. ஓலையை அவர் தென்னந்தோட்டத்துக்குத் தாட்டார்.